குழிக்காரம்மா

நூல் இறங்கிக்கொண்டிருக்கிறது. கொத்தனார் நூல். அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் கனமான நட்டு. தொட்டியின் வாயருகே குந்தி உட்கார்ந்து, இரண்டு விரல்களுக்கு நடுவே நூலை விட்டுக்கொண்டே போகிறார். அதுவரை ஓயாமல் ஓடிய பேச்சு நின்றுவிட்டது. நட்டு தண்ணீரைத் தொட்டதும் ஒரு தலையசைப்பு, அடித்தரையைத் தட்டியதும் இன்னொரு தலையசைப்பு. பிறகு சரசரவென்று மேலே இழுத்து, காய்ந்த முடிச்சு எத்தனை, நனைந்த முடிச்சு எத்தனை என்று எண்ணுகிறார்.

“ஆழம் ஆறு, தண்ணி நாலரை. சரி, இப்ப சொல்லுங்க. இந்தத் தண்ணிய எங்க கொண்டுபோகணும்?”

ஐம்பத்திரண்டு வயது. பருமனான உடம்பு, ஆனால் குந்துவதும் எழுவதும் பள்ளிக்கூடப் பெண்ணைப் போல. பம்புக் கடை அண்ணனுடையது. கடைக்குள் வருகிறவர் எவராக இருந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னால் இவர் கேட்கிற முதல் கேள்வி, “குழி எங்க இருக்கு?” கிணறு, தொட்டி, சாக்கடை, அடித்தளம் எல்லாமே அவர் கணக்கில் குழிதான். அதனால் குழிக்காரம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை. மோட்டாருக்கும் பம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசினால்தான் கோபம் வரும்.

எனக்கு அந்தக் கோபம் முதல் நாளே கிடைத்தது. எங்கள் குடியிருப்பின் செயலாளர் பதவி என் தலையில் விழுந்திருந்தது. கூட்டத்துக்குப் போகாதவன் நான் ஒருவன்தான் என்பதே அதற்கு என் தகுதி. நான்காவது மாடிக்காரர்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் அழுதுகொண்டே வந்தது. நான் கடைக்குப் போய், “பெரிய மோட்டாரா ஒண்ணு குடுங்க” என்றேன்.

“மோட்டார் சுத்தும், அவ்வளவுதான். தண்ணிய தூக்குறது பம்பு. நீங்க கேக்குறது எது?”

எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன். அதற்குச் சிரித்தார். கடையை அப்படியே விட்டுவிட்டு என்னுடன் கிளம்பி வந்து, மேலே நான் வர்ணித்த காட்சியை எங்கள் தரைத்தொட்டியில் நிகழ்த்தினார். அதன் பிறகு படிக்கட்டுக்கு அடியில் இருந்த பம்பு அறைக்குள் தலையை நீட்டினார். பெயர்தான் அறை. ஏற்கனவே ஒரு பம்பு காலை நீட்டிப் படுத்திருக்க, மிச்ச இடத்தில் யாருடைய சைக்கிளோ சாய்ந்து கிடந்தது.

“இங்க பெருசு வைக்க இடமும் இல்ல, தேவையும் இல்ல. நிக்கிற பம்பு ஒண்ணு போதும். குழாயோட குழாயா ஒரு சாண் இடத்துல நின்னுக்கும். உள்ள அடுக்கடுக்கா சக்கரம் இருக்கும். ஒரே ஆள் நாலு மாடிக்கு மூட்டையத் தூக்கிட்டு ஓடுறதுக்குப் பதிலா, மாடிக்கு ஒருத்தர் நின்னு கைமாத்தி விட்டா எப்படி? அதுதான் இது.”

பெரிய மோட்டார் கேட்டுப் போன எனக்கு இருந்ததைவிடச் சின்னது கிடைத்தது. நான்காவது மாடிக்காரர் குளியலறையில் பாடுவது இப்போது கீழே வரை கேட்கிறது. சைக்கிளுக்கும் இடம் இருக்கிறது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தோடு நான் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். கடையின் பின்சுவரை ஒட்டிப் பம்புகள் உயர வரிசையில் நிற்கின்றன. படுத்த வகைகளை முன்பக்கம் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நிற்கிற வகைகள் தங்கையின் ராஜ்யம். அண்ணன் விற்கப் பிறந்தவர், தங்கை விற்காமல் இருக்கப் பிறந்தவர். “இது உங்களுக்கு ஆகாது” என்று அவர் ஒருவரைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் அண்ணன் மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே எதையோ தேடுவார். எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு பம்பையும் தன் வீட்டு ஆள் ஒருவரை வைத்துத்தான் விளக்குவார். நீளக் குழாய்போல ஒன்று நிற்கிறதே, கிணற்றுக்குள்ளும் ஆழ்துளைக்குள்ளும் முழுக்க மூழ்கிக் கிடப்பது, அது வீட்டுக்காரர். “உள்ள இருக்குறதே தெரியாது. சத்தம் வராது, தண்ணி மட்டும் வரும். ஆனா ஒடம்புக்கு ஒண்ணுன்னா மொத்தமா மேல இழுத்துப் போட்டுத்தான் பார்க்கணும்.” வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு நாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது இதை அவரிடமே சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “சுத்தித் தண்ணி குளிர்ச்சியா இருந்தா நான் நல்லாத்தான் ஓடுவேன். சூடான தண்ணில போட்டா எரிஞ்சுபோவேன். அதையும் எழுதிக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் என்பது டர்பைன் பம்பு. மோட்டார் மேலே, காய்ந்த இடத்தில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று கிணற்றின் அடிவரை இறங்கும். அடியில் கிண்ணம் கிண்ணமாக அடுக்கிய சக்கரங்கள். “உக்காந்த எடத்துல இருந்தே அடுப்படி வரைக்கும் கை நீளும். ராப்பகலா ஓடணும், தண்ணி நெறைய வேணும், கிணறும் ஆழம்னா இவங்கதான் சரி. கோளாறு வந்தா மேலேயே பார்த்துடலாம். ஆனா நேர் கோட்டுல நிக்க வைக்கணும். இத்தனூண்டு சாஞ்சாலும் வீடே ஆடிப்போகும்.” மாமியார் உயிரோடு, நல்ல காதுகளோடு இருக்கிறார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவருக்கும் இந்த விளக்கம் பிடிக்குமாம்.

எங்கள் படிக்கட்டுக்கு அடியில் நிற்பது குழிக்காரம்மாவின் சின்ன மகள். ஆள் குள்ளம், குரல் நான்காவது மாடிக்குப் போகும். வெள்ளம் புகுந்த இடத்தில் லாரி லாரியாகத் தண்ணீரை வெளியே தள்ளும் விசிறி பம்புக்கு வீட்டில் ஆள் இல்லாததால் பக்கத்து வீட்டு அம்மாளைப் பிடித்துப் போட்டிருக்கிறார். “தண்ணி அளவு ஜாஸ்தி, மேல ஏத்துறது கம்மி.”

கடைசியாக வரிசையின் ஓரத்தில் ஒன்று. மோட்டார் மேலே, தண்டு கீழே, ஆனால் தண்ணீருக்குள் போகிற பாகத்தில் பேரிங் ஒன்றுகூடக் கிடையாது. தண்டு மேலே மட்டும் பிடிமானத்தோடு கீழே தொங்கும். சேறு, மணல், நூல், சோப்பு எது வந்தாலும் கடித்துக் கெட்டுப்போக உள்ளே எதுவும் இல்லை. “இது எங்க அண்ணன். எந்தக் குழியில வேலை நடந்தாலும் கையில அழுக்கு ஒட்டாது.” அண்ணனுக்குக் கேட்கும்படிதான் சொன்னார். அண்ணன் இழுப்பறையைத் திறந்தார்.

அளக்கும் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. நல்ல தண்ணீர் என்றால் நூல், அழுக்குக் குழி என்றால் கம்பி. அழுக்குக் குழியின் அடியில் வண்டல் உட்கார்ந்திருக்கும், நட்டு அதன் மேல் போய்ப் படுத்துக்கொண்டு இதுதான் தரை என்று பொய் சொல்லும். கம்பியை ஊன்றினால் வண்டலைத் தாண்டி உண்மையான தரை வரை போகும். அதற்கென்று பத்தடிக் கம்பி ஒன்று கடை வண்டியில் எப்போதும் கிடக்கும். “முப்பது வருஷத்துல ஒரு குழிகூட என்னை ஏமாத்தினதில்ல சார்” என்றார். பெருமையாக எழுதிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை சலவைக்கூடத்துக்காரி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கைகள் முழங்கை வரை வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவரும் கணவரும் சேர்ந்து நடத்தும் சலவைக்கூடம். பாதிக்கு மேல் மருத்துவமனைத் துணி. துவைத்த அழுக்குத் தண்ணீர் பின்கட்டிலுள்ள குழியில் விழுந்து, அங்கிருந்து பம்பு வழியாக வெளியே போக வேண்டும். அந்தக் குழியில் மூழ்கும் பம்பு இரண்டு, ஒரே மாதத்தில் எரிந்துபோயின. பம்பு நின்றால் இயந்திரமும் நிற்க வேண்டியதுதான்.

“ரெண்டு தடவ துணி லேட்டாயிடுச்சுக்கா. மூணாவது தடவ ஆனா வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அது போச்சுன்னா கூடத்தை மூடிட்டு நாங்க வேற வேலை தேட வேண்டியதுதான்.”

“எரியாம என்ன செய்யும்? கொதிக்கிற தண்ணில எங்க வீட்டுக்காரரைத் தூக்கிப் போட்டிருக்கீங்க” என்றார் குழிக்காரம்மா. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அதற்காக நான் கொஞ்சம் கர்வமாகச் சிரித்தேன்.

அன்று மதியமே குழியைப் பார்க்கப் போனோம். அவரும் நானும் மட்டும். பின்கட்டில் நீராவியும் சோப்பு வாசனையும். குழியின் வாயில் நின்று, மாமியார் பம்பை ஏன் இங்கே போடக் கூடாது என்று நான் கேட்டேன். அவர் மாமியாரைப் போலவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி, அழுக்குத் துணி விரல் இடுக்கில் சிக்கினால் முகம் எப்படிப் போகும் என்று நடித்துக் காட்டினார். சலவைக்கூடத்துக்காரி பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்திருப்பார் என்று தோன்றியது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். சிரிப்பு அடங்காமலே குழிக்காரம்மா நூலை இறக்கினார், இழுத்தார், எண்ணினார்.

“ஏழடி. எங்க அண்ணன்தான் இதுக்கு. ஆறடித் தண்டு போதும்.”

சனிக்கிழமை பம்பு மாட்டியாயிற்று. பார்க்கவே லட்சணமாக நின்றது. ஞாயிறு முழுவதும் ஓடியது. திங்கட்கிழமை மதியம் கடைக்குத் தொலைபேசி வந்தது. பம்பு சுற்றுகிறது, தண்ணீர் போகவில்லை, பின்கட்டில் கணுக்கால் அளவு நிற்கிறது, ஈரத்துணி மலையாகக் கிடக்கிறது. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மருத்துவமனை லாரி துணி எடுக்க வரும்.

புகார் என்றால் அண்ணனும் வருவார். மூவருமாகப் போனோம். பம்பை மேலே தூக்கினார்கள். உறிஞ்சும் வாயில் சாம்பல் நிறத்தில், கம்பளித் துணிபோல, நூலும் பஞ்சும் சோப்பும் சேர்ந்த ஒரு கட்டி அடைத்திருந்தது. குழிக்காரம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். வண்டிக்குப் போய்ப் பத்தடிக் கம்பியை எடுத்துவந்து குழியில் இறக்கினார்.

ஏழடியில் கம்பி லேசாகத் தயங்கியது. அவர் உடம்பின் பாரத்தைக் கொடுத்ததும் மேலும் இறங்கியது. எட்டு. ஒன்பதில் ‘ணங்’ என்று தரை கேட்டது.

குழியின் ஆழம் ஒன்பது. அடியில் இரண்டடிக்கு வண்டல், மெத்தை மாதிரி இறுகிப்போய். நட்டு அதன் மேல்தான் போய்ப் படுத்திருந்தது. இரண்டு நாள் சுடுநீரும் பம்பின் சுழற்சியும் அதைக் கிளறிவிட, பம்பு வாயால் வண்டலைத் தின்றிருக்கிறது. வியாழக்கிழமை அந்தக் கம்பி வண்டியிலேயே கிடந்தது. அதை எடுத்துவர வேண்டிய நேரத்தில் அவர் எனக்காக மாமியாராக நடித்துக்கொண்டிருந்தார். அவர் இதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எனக்கு அன்று தரையைப் பார்த்தபடியே நிற்க வேண்டியிருந்தது.

அண்ணன் தங்கையைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்.

“குழியத் தூர்வாராம விட்டது அவங்க. அதனாலதான் அடைச்சுதுன்னு சொல்லிடும்மா. அதுல பொய் ஒண்ணும் இல்லயே. நம்ம அளந்தது தப்புன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுதே அண்ணே.”

திரும்பி வந்து சலவைக்கூடத்துக்காரியின் முன்னால் நின்றார். வழக்கமான சிரிப்பு இல்லை. “பம்பு சரியான பம்புதான்மா. உங்க மேலயும் தப்பு இல்ல. அழுக்குக் குழிய நூல் போட்டு அளந்தேன். அளந்த கை தப்பு பண்ணிடுச்சு.”

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “புதன்கிழமை காலையில லாரி வர்றப்போ ஓடுமாக்கா?”

“ஓடும்.”

“போன வாரமும் இதத்தானே சொன்னீங்க.”

  குழிக்காரம்மா கம்பியைத் துடைத்துச் சுவரில் சாத்திவிட்டு, முழங்கைக்கு மேல் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் அங்கேதான் இருந்தேன். எழுதவில்லை. நோட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வண்டல் இறுகியிருக்கிறது, உள்ளே ஆள் இறங்கி வெட்டி எடுத்தால் சீக்கிரம் முடியும் என்று அண்ணன் சொன்னார். “குழிக்குள்ள மனுஷன் எறங்கக் கூடாது. வாயு இருக்கும். என் தப்புக்கு இன்னொருத்தர் உயிரைக் குடுக்கணுமா?” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கழிவு உறிஞ்சும் லாரி வந்தது. சுடுநீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி வண்டலைக் கரைத்து, கரைத்ததை லாரி உறிஞ்ச, இரண்டடி மெத்தை மதியத்துக்குள் காலியானது. மேலே நின்று ஹோஸ் பிடித்தவர்களில் நானும் ஒருவன். என் சட்டையில் அந்தச் சாம்பல் நிறம் இன்னும் போகவில்லை.

இப்போது தரை ஒன்பதடியில். பம்பின் வாய் ஆறடியில். தண்டை நீட்டிவிடலாமே என்றேன். “தொங்குற தண்டு சார். ரொம்ப நீட்டினா ஒதற ஆரம்பிச்சுடும். தண்டு அப்படியே இருக்கட்டும், வாயை மட்டும் நீட்டுவோம்.” இரண்டடிக் குழாய் ஒன்றை உறிஞ்சும் வாயில் மாட்டினார். சக்கரம் முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஏறினால்தான் பம்பு ஓட ஆரம்பிக்க வேண்டும், அதன் பிறகு நீட்டிய குழாய் அடிவரை இழுத்துக்கொள்ளும். அதற்குத் தோதாக, தண்ணீரோடு ஏறி இறங்கிப் பம்பின் விசையைத் தட்டும் மிதவைப் பந்தை உயர்த்திக் கட்டினார். மூன்று முறை கட்டினார், மூன்று முறை அவிழ்த்தார். ஒவ்வொரு அளவையும் கம்பி போட்டே பார்த்தார்.

மறுபடி வண்டல் சேராமல் இருக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத சலவைக்கூடத்துக்காரியின் கணவர் உள்ளே போய், பழுதான இயந்திரம் ஒன்றின் ஓட்டை ஓட்டையான உருளையை உருட்டிக்கொண்டு வந்தார். “இதைத் தண்ணி விழுற எடத்துல மாட்டிட்டா நூலும் பஞ்சும் இதுலயே தங்கிடாது? தெனமும் நானே அள்ளிடுறேன்.” குழிக்காரம்மா அந்த உருளையைச் சுற்றிவந்து பார்த்தார். இரண்டு நாளில் முதல்முறையாகப் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. “இத்தனை நாளா இந்த ஆளு எங்கம்மா இருந்தாரு? எங்க கடையில வேலை வேணுமான்னு கேளு.” மனைவி மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. அவர் ஈரத்துணி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் இயந்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள், பம்பு இழுத்தது. ஆனால் ஒரே இயந்திரத்தின் தண்ணீர் என்றால் சனிக்கிழமையும்தான் இழுத்தது.

புதன்கிழமை காலை ஆறரை. கடைசிச் சுற்றுத் துணி மூன்று இயந்திரங்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் தண்ணீரைக் கொட்டப் போகின்றன. இதைத் தாங்கினால் எதையும் தாங்கும். குழிக்காரம்மா, கணவன், மனைவி, நான், நால்வரும் குழியைச் சுற்றி நின்றோம். அண்ணனும் வந்திருந்தார், கொஞ்சம் தள்ளி நின்றார்.

மூன்று குழாய்களும் ஒன்றாகப் பொழிந்தன. உருளைக்குள் நுரை பொங்கியது. தண்ணீர் ஏறியது, பந்து மிதந்தது, இன்னும் ஏறியது. பம்பு பேசவில்லை. சலவைக்கூடத்துக்காரி கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். குழி நிறைய ஒரு முழம் மீதி இருக்கும்போது பந்து தலை சாய்ந்தது, மோட்டார் உறுமியது, வெளிக்குழாயில் சாம்பல் தண்ணீர் கனமாக விழுந்தது. குழியில் மட்டம் நின்றது, பிறகு இறங்கியது. ஆறடியைத் தாண்டி, நீட்டிய குழாய் தெரியும்வரை இறங்கி, பம்பு தானாக நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நீராவி என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

எட்டு மணிக்கு லாரி வந்தது. வெள்ளை வெளேரென்று மடித்த விரிப்புகள் ஏறின. சலவைக்கூடத்துக்காரி ஒவ்வொரு கட்டையும் எண்ணி ஏற்றிவிட்டு, லாரி தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, பின்கட்டுக்கு வந்தார். “டீ குடிச்சுட்டுத்தான் போகணும்க்கா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். குழிக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அண்ணன் பம்பின் மேல் கடையின் பெயர் ஒட்டிய தாளைத் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தார். இனிமேல் யார் வந்து கேட்டாலும், நம் கடை பம்பு எப்படி ஓடுகிறது பாருங்கள் என்று இங்கேதான் அழைத்துவருவேன் என்று என்னிடம் சொன்னார். தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. சலவைக்கூடத்துக்காரியின் காதோரம் செருகியிருந்த பேனாவைக் காட்டி, “அது எதுக்கும்மா?” என்றார்.

“ஆஸ்பத்திரித் துணில குறி போடுறதுக்குக்கா. எத்தனை தடவ கொதிக்க வெச்சாலும் அழியாது.”

“குடு.”

குழிக்கு மேலே, பம்பு மாட்டிய சுவரில், யார் குனிந்தாலும் கண்ணில் படுகிற உயரத்தில், பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். “ஆழம் ஒன்பது அடி. முதலில் ஏழு என்று அளந்தது தவறு. கம்பி போட்டு அளக்கவும்.” கீழே தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போட்டார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, இழுப்பறை இல்லாத இடத்தில் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. குழிக்காரம்மா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவருக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், கன்னம் உப்ப, ‘தவறு’ என்ற சொல்லின் மேல் மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.